மதகைத் திறந்த ஓலை

முன்னொரு காலத்தில் வெண்ணாவரம் என்ற சீமையை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றன்றைக்குத் தோன்றுவதுதான் சட்டம். ஒருநாள், தன் ஓலையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டும், கூட்டினாலும் குறைத்தாலும் கை போகும் என்று முரசறைவித்துவிட்டார்.

ஓலை எழுதுபவர் சேனாதிராயர். தன்னைவிடக் கெட்டிக்காரர் எவரும் சபைக்குள் வந்துவிடக் கூடாதே என்பதே அவர் கவலை. பெரிய ஏரியின் மதகைக் காக்கும் பூவாயிக்கு அவர் இப்படி எழுதினார்: 'நீர் அளவுக்கல்லை எட்டினால் மதகைத் திற.'

ஐப்பசி மழையில் நீர் கல்லை எட்டியது. பூவாயி திறந்தாள். மறுநாள் மழை விட்டது, நீர் கல்லுக்குக் கீழே இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. மூடு என்று ஓலையில் இல்லை. மூடினால் கை போகும். மூடாவிட்டால் ஏரி வற்றி நாலு ஊர்ப் பயிர் போகும். ஓலையில் குறை இருக்கிறது என்று முறையிட அரண்மனைக்கு ஓடினாள்.

சேனாதிராயர் சீறினார். முத்திரை வைத்த ஓலையைக் குறை சொல்வது ராஜத் துரோகமாம். சாப்பாட்டுக்கு உட்காரவிருந்த ராஜா சிரித்தபடி, "ஓலையைக் குறை சொல்லாமல் குறையைக் காட்டு, பார்க்கலாம்" என்றார்.

பூவாயி கொஞ்சம் யோசித்தாள். ராஜா கை கழுவத் தானே நீர் ஊற்றுவதாகவும், அதற்குச் சேனாதிராயரே ஓர் ஆணை தர வேண்டும் என்றும் கேட்டாள்.

"அரசர் கை நீட்டினால் நீர் ஊற்று" என்றார் சேனாதிராயர், பெருமையாக.

ராஜா நீட்டினார், ஊற்றினாள். ராஜா கையை எடுத்துக்கொண்டார்; அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். செம்பு காலியாக, அண்டாவில் மொண்டு ஊற்றினாள். தரையில் விழுந்து தெறித்த நீர் சேனாதிராயரின் பட்டு வேட்டியை முழங்கால்வரை நனைத்தது.

"நிறுத்தடி" என்றார் அவர்.

"கை நீட்டாவிட்டால் என்ன செய்வதென்று நீங்கள் சொல்லவில்லையே, ஐயா" என்றாள் பூவாயி. சொல்லிக்கொண்டே அடுத்த செம்பை மொண்டாள்.

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏரி இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்றார்.

"பாதி இருக்கிறது, மகாராஜா."

அங்கேயே ஓலை திருத்தப்பட்டது: 'எட்டினால் திற. இல்லாவிட்டால் மூடு.' இனி எந்த ஓலையும் பூவாயி படித்துப் பார்த்த பிறகே முத்திரை பெறும் என்றார் ராஜா. முதல் வேலையாக மதகை மூடச் சேனாதிராயரையே ஈர வேட்டியோடு அனுப்பினார்.

அவர் மூச்சிரைக்கப் பலகையை இறக்கினார். நீர்ச் சத்தம் அடங்கியது. பூவாயி கரையில் உட்கார்ந்து, நாலு நாளைக்குப் பிறகு நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டாள்.