பொரிக்கார வீட்டுச் சடைக்குட்டி

அந்தக் காலத்தில் ஒரு பூனைக்குட்டி வேண்டுமென்றால் பெண் கேட்டுப் போவது போலத்தான் போக வேண்டும். குளித்து, நல்ல துணி உடுத்தி, ஒரு கிண்ணம் பாலும் ஒரு துண்டு கருவாடும் தட்டில் வைத்து, தாய்ப்பூனையின் முன்னால் போய் உட்கார வேண்டும். பூனைகள் அப்போது வாய் ஓயாமல் பேசும். மழை வருமா என்று கேட்டால் சொல்லும். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டால், அங்கே நடந்த சண்டையையும் சேர்த்துச் சொல்லும். இப்போது நாம் பூனையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏதேதோ யூகிக்கிறோம். அப்போது கேட்டால் போதும், பதில் வரும். நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஓர் ஊரின் நெல்லுக்கிடங்கில் சாம்பி என்றொரு பூனை இருந்தாள். குட்டை முடி, உடம்பெல்லாம் சாம்பல் வரி. குளிர்மலையிலிருந்து மிளகு வண்டியில் தூங்கியபடியே வந்து இறங்கிய ஒரு சடைப்பூனைமேல் அவளுக்கு மனம் போயிற்று. இரண்டு குட்டிகள் பிறந்தன. ஒருவன் தாயைப் போலவே குட்டை முடியும் வரியுமாக இருந்தான். அவனுக்கு வரியன் என்று பெயர். இன்னொருத்தி தகப்பனை உரித்து வைத்திருந்தாள். வெள்ளை வெளேரென்ற நிறம், விரலை வைத்தால் புதைந்துபோகும் சடை. அவள் பெயர் நுரை. அவளைப் பார்க்கப் பார்க்கச் சாம்பிக்குப் பெருமை தாங்காது.

அதே ஊரில் பொரி வறுத்து விற்பவள் செம்பாயி. அவள் வீட்டு அரிசி மூட்டைகளை எலி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது. கணவன் மருதப்பனையும் சின்ன மகள் ராக்குவையும் கூட்டிக்கொண்டு தட்டோடு வந்து சேர்ந்தாள்.

“எலி பிடிப்பாளா?” என்று நுரையைக் காட்டிக் கேட்டாள் செம்பாயி.

“எம்பொண்ணு இருக்கிற திசையில எலி தலை வச்சுப் படுக்குமா?” என்றாள் சாம்பி. நுரை அதுவரை ஒரு வெட்டுக்கிளியைக்கூடப் பிடித்ததில்லை. பெண் வீட்டார் பேச்சு என்றைக்கும் அப்படித்தானே!

“பிள்ளையைப் பிறாண்டிட மாட்டாளே?”

“தூங்கும்போதுகூட நகத்தை உள்ளே இழுத்துக்கிட்டுதான் தூங்குவா.”

மருதப்பன் வரியனையே பார்த்துக்கொண்டிருந்தான். “இவன் துறுதுறுன்னு இருக்கானே. நம்ம வீட்டு வேலைக்கு…” என்று தொடங்கினான். அதற்குள் ராக்கு நுரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, இது பொரி நிறம்மா! நம்ம வீட்டுக்குன்னே பொறந்திருக்கு.”

செம்பாயிக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு பொரி கறுத்திருந்தாலும் பொறுக்கி எறிகிறவர்கள், வெள்ளையைக் கண்டால் மயங்காமல் என்ன செய்வார்கள்? மருதப்பன் பேச்சு எடுபடவில்லை.

சாம்பி ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீடு எப்படிப்பட்டது என்று. ஆனால் கேள்வியெல்லாம் வருகிறவர்கள்தான் கேட்பார்கள். பூனைகள் திருப்பிக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. பாலும் கெட்டியாக இருந்தது. “கூட்டிட்டுப் போங்க சம்பந்தி” என்று சொல்லிவிட்டாள்.

பொரிக்கார வீடு எப்படியிருக்கும்? பொழுது விடிந்தால் அடுப்பு எரியும். உமிப்புகை கூரைவரை நிற்கும். பெரிய இரும்புச் சட்டியில் மணல் கொதிக்கும். அரிசியைப் போட்டுக் கிளறினால் படபடவென்று பொரி தெறிக்கும், கூடவே மணலும் தெறிக்கும். குட்டை முடிக்காரன் என்றால் ஒரு சிலுப்பில் உதறிவிட்டுப் போவான். சடைக்குள் விழுந்த மணல் எங்கே போகும்? உள்ளேயே கிடந்து சுடும். உமி ஒட்டிக்கொண்டு முடி திரிதிரியாகத் திரண்டது. செம்பாயிக்கு வேலை ஓயவே ஓயாது. ராக்கு மட்டும் தினமும் நுரையை மடியில் போட்டு, தன் சீப்பாலேயே வாரிவிட்டாள். மேல்முடி பளபளத்தது. அடியில் இருந்தது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சாம்பி ஒருநாள் மகளைப் பார்க்க வந்தாள். நுரை கிழிந்த சாக்கின்மேல் படுத்திருந்தாள்.

“எப்படிம்மா இருக்கே?”

“நல்லா இருக்கேம்மா. ராக்கு என்னை உசிரா பாத்துக்கிறா.”

“ஏன் மெலிஞ்சிருக்கே?”

“வெயில் காலம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

சாம்பி வேறொன்றும் கேட்காமல் அவளை நக்கிவிடத் தொடங்கினாள். நாக்கு சடையைத் தாண்டித் தோலைத் தொட்டது. நுரை துடித்துப்போனாள். முதுகில் கொப்புளம், அது உடைந்த புண், புண்ணுக்குள் மணல். பாதங்களும் வெந்திருந்தன. இந்த வீட்டில் இன்னும் கொஞ்ச காலம் விட்டால் இவள் பிழைக்க மாட்டாள் என்று பெற்றவளுக்குப் புரிந்துவிட்டது. பாலின் ருசியில் மகளைக் கொடுத்தோமே என்று அவள் நெஞ்சு வெந்தது.

நுரையால் நடக்க முடியவில்லை. அதுவரை எந்தப் பூனையும் குட்டியை வாயில் தூக்கியதில்லை. வாய் பேசுவதற்கும் தின்பதற்கும்தான் என்றிருந்த காலம். சாம்பி குனிந்து, மகளின் பிடரியைப் பல் படாமல் கவ்வித் தூக்கினாள்.

செம்பாயி கண்டுவிட்டாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“சம்பந்தி! எங்கே கொண்டு போறே? நாங்க என்ன குறை வச்சோம்? பால் குடுக்கலையா? எம்புள்ள அவளைக் கீழே விட்டாளா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ!”

ராக்கு அழுதுகொண்டே வாசலில் வந்து நின்றாள்.

சாம்பிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. குறை ஒன்றுமில்லை, நீங்கள் வைத்த பாசம் பொய்யில்லை, வீடுதான் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கேட்காமல் கொடுத்த தப்பு என்னுடையது. எல்லாம் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தால் குட்டி விழும். வாசலெங்கும் அப்போதுதான் கொட்டிய சுடுமணல். சாம்பி ராக்குவை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாயை இறுக்கிக்கொண்டு, கால் சுடச் சுட அதைக் கடந்து போனாள்.

அப்புறம் அவள் யார் சொல்லையும் நம்பவில்லை. செக்காட்டும் வீட்டில் மகளை வைத்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு சடையில் ஏறியது. தூக்கிக்கொண்டாள். கயிறு திரிக்கும் வீட்டில் நார்த்தூசி. அங்கிருந்தும் தூக்கிக்கொண்டாள். வழியில் பார்த்தவர்கள், “என்ன சாம்பி, எங்கே கிளம்பிட்டே?” என்று கேட்டார்கள். பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. கடைசியில் வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில் ஒரு வீடு. எப்போதும் ஈரமும் நிழலும். வீட்டுக்காரி நுரையைத் தூக்கிக் கொஞ்சவில்லை. முதுகைப் பார்த்தாள், சடையைக் கத்தரித்தாள், புண்ணில் எண்ணெய் தடவினாள். புண் ஆறும்வரை சாம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மகளை அங்கேயே விட்டாள்.

வரியனைக் கவ்விக்கொண்டு போய்ப் பொரிக்கார வீட்டு மூட்டைகளுக்கு நடுவே வைத்தாள். அவனுக்கு அந்தச் சூடும் சத்தமும் எலிகளும் திருவிழாவாக இருந்தன.

“எங்கமேல கோவமா சம்பந்தி?” என்று மெல்லக் கேட்டாள் செம்பாயி.

இப்போது வாய் காலிதான். சாம்பி திறந்தாள். ‘மியாவ்’ என்று மட்டும் வந்தது. பேசாமல் அடக்கி அடக்கிப் பேச்சு மறந்தே போயிருந்தது. செம்பாயியின் காலில் கன்னத்தை வைத்துத் தேய்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

அன்று முதல்தான் பூனைகள் பேசுவதில்லை. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு வீடு வீடாக மாற்றுவதும் அன்று முதல்தான். நம் வீட்டுப் பரணில் குட்டியை வைத்துவிட்டு அது நம்மையே உற்றுப் பார்த்தால், வீடு பார்க்க வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் காலையில் இடம் காலியாகக் கிடந்தால் மனம் நோகாதீர்கள். நம் பாசத்தில் குறை கண்டு அது போகவில்லை. சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்திருக்கும். வாயில் குட்டி இருந்தது.