பிரிந்த துகள்

லூர்தம்மாள் மேடத்தின் ஆய்வகத்தில் இப்போது ஒரே மாணவன்தான், கோமதிநாயகம். ஓடும் நீரில் துகள்கள் ஒட்டிச் சேர்ந்த கட்டிகள் எப்படி உடைகின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்ப்பது அவன் முனைவர் பட்ட வேலை.

ஒரு காலத்தில் அங்கே மூவர் இருந்தார்கள். ஷாகுல் டீ போடுவான், திலகா அதில் குறை சொல்வாள், நாயகம் வாயே திறக்காமல் இரண்டு கப் குடிப்பான். பிறகு ஷாகுல் பெயின்ட் கம்பெனி வேலைக்குப் போனான், திலகா ஜெர்மனிக்குப் போனாள். தன்னை அம்போவென்று விட்டுவிட்டார்கள் என்று நாயகத்துக்குக் கோபம். ஆனால் டீ நேரம் வந்தால் கோபம் போய் ஏக்கம் வந்துவிடும். அதுதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது.

அன்று மத்தியானம் மேடத்திடம் போய் நின்றான். அவர்கள் மூவரும் தொட்டியில் செய்த சோதனையில் கட்டிகள் ஓரளவு உடைந்து, அதற்குமேல் உடையாமல் நின்றன. அவன் புரோகிராமிலோ கடைசியில் எல்லாம் தூளாகிவிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

"ஓட்டத்துல எதுவுமே சேர்ந்து நிக்காதா மேடம்?"

மேடம் அந்தப் பழைய சோதனையின் வீடியோவைப் போட்டார். கண்ணாடித் தொட்டியில் நீர் சுழன்றது. பின்னாலிருந்து ஷாகுலின் சிரிப்பு கேட்டது. நாயகம் நீரைப் பார்க்காமல் குரல்களையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாயகம், அந்த ஓரத்துல பாரு," என்றாள் வீடியோவில் திலகா. "பிரிஞ்சு போனது சுத்தி வந்து மறுபடி ஒட்டுது."

மேடம் வீடியோவை நிறுத்தினார்.

"கட்டியில இருந்து பிரியுற துகளை உன் புரோகிராம்ல என்ன பண்றே?"

"அழிச்சிடுறேன் மேடம். கணக்கு சீக்கிரம் முடியும்னு..."

சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாள் இது தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான். உடனே திருத்திவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினான். கதவருகே போனவனை மேடம் கூப்பிட்டார்.

"ஷாகுலும் திலகாவும் எப்படி இருக்காங்க?"

"தெரியாது மேடம். ரெண்டு பேர் நம்பரையும் அழிச்சுட்டேன்."

மேடம் தன் போனை எடுத்து மேஜைமேல் அவன் பக்கமாக நகர்த்தினார்.

"என்கிட்ட இருக்கு. புரோகிராமைச் சாயங்காலம் திருத்திக்கலாம், உக்காரு."