பூட்டிய இரண்டு கடிதங்கள்

அடுத்தவர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நம்மில் யாருக்கும் அலுப்பே வராது. ஆகவே இந்த வழக்கை உங்களிடமே விடுகிறேன். மூன்று மாதமாக நான் இதை மனத்தில் போட்டு உருட்டியதில் நிம்மதி கெட்டதுதான் மிச்சம்.

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலை. அதன் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் ஜெபசிங். அலுவலக மின்னஞ்சல்களில் தேடும் வசதியை அமைத்தவரும் அவரே. தேடும் இயந்திரம் நாம் கேட்ட பிறகு கடிதங்களைப் புரட்டுவதில்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் வாசித்து, எந்தச் சொல் எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளும். நாம் கேட்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொல்லும்.

அந்த வசதி வந்த வாரமே கோமளவல்லி ஜெபசிங்கிடம் வந்தார். பெண்களின் புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு அப்போது அவர்தான் தலைவர். குழுவுக்கு வரும் புகார்கள் மறைகுறியாக்கம் செய்து, அதாவது பூட்டுப் போட்டு வரும். தலைவரிடம் உள்ள சாவியால்தான் திறக்க முடியும்.

“பூட்டுன கடிதத்தையும் உங்க மெஷின் தெறந்து பட்டியல் போடுமா?” என்று கேட்டார்.

“உங்க சாவியக் குடுத்துப் போடச் சொன்னாப் போடும் மேடம்.”

“வேண்டவே வேண்டாம். பெட்டியப் பூட்டிட்டு, உள்ள இருக்கிறத செவுத்துல எழுதி ஒட்டுன மாதிரி ஆயிடும். இன்ன பொண்ணு எழுதுனான்னு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் அவ பொழப்பு போச்சு.”

நியாயமான பயம்தான். அனுப்பியவர் பெயர்கூடப் பட்டியலில் சேராமல், பூட்டிய கடிதங்களை இயந்திரம் தாண்டிப் போகும்படி ஜெபசிங் அமைத்தார். “யார் எழுதுனாங்கன்னு என் வாயிலருந்து ஒருநாளும் வராது மேடம்” என்று வாக்கும் கொடுத்தார். எந்தெந்தக் கடிதத்தைத் தாண்டியது, அனுப்பியவர் யார் என்ற விவரம் மட்டும் அவர் பார்வைக்கு வரும். உள்ளே இருப்பது அவருக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, கணவருக்கு மாற்றலாகி, கோமளவல்லி வேலையை விட்டு ஓசூருக்குப் போய்விட்டார். ஐந்து மாதம் தலைவர் நாற்காலி காலி. அந்த ஐந்து மாதத்தில்தான் நூல் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அன்னலட்சுமி குழுவுக்கு இரண்டு முறை எழுதினாள். உற்பத்தி மேலாளர் தன்னைத் தனியாக அறைக்குக் கூப்பிடுகிறார், வராவிட்டால் வேலை போகும் என்று மிரட்டுகிறார் என்று எழுதினாள். அறிவிப்புப் பலகையில் சொல்லியிருந்தபடி பூட்டித்தான் அனுப்பினாள். படிக்கத்தான் ஆள் இல்லை.

பிறகு விசாலாட்சி தலைவராக வந்தார். சாவி கைமாறியது. சுற்றறிக்கையும் புகாருமாக நாலாயிரம் கடிதம் சேர்ந்து கிடந்த குழுவின் அஞ்சல்பெட்டியும் கைமாறியது. அடுத்த மாதமே, சோதனையில் தவறு செய்தாள் என்று மேலாளர் அன்னலட்சுமியை சஸ்பெண்ட் செய்தார். அன்றே அவளுடைய அலுவலக மின்னஞ்சலையும் மூடிவிட்டார்கள். அவள் கையில் நகல் ஒன்றும் இல்லை.

குழுவின் முன் வந்து நின்றாள். “அவரு கூப்பிட்டதுக்குப் போகலன்னுதான் மேடம் என்னைய வெளிய தள்றாரு. பிப்ரவரியிலயும் ஏப்ரல்லயும் உங்க குழுவுக்கு எழுதியிருக்கேன்.”

“வேலை போகுதுன்னதும் கட்டுற கதை” என்றார் மேலாளர்.

ஆக, அந்த இரண்டு கடிதங்கள் இருந்தால் அவள் வேலை நிற்கும், மானம் நிற்கும். விசாலாட்சி ஏனோதானோவென்று வேலை பார்ப்பவர் இல்லை. அன்னலட்சுமியின் பெயரைப் போட்டுத் தேடினார். எதுவும் இல்லை என்று வந்தது. மேலாளர் பெயரைப் போட்டார். அதற்கும் அதே பதில். அப்படியும் மனம் ஒப்பாமல் ஜெபசிங்கிடம் போனார்.

“சார், நம்ம மெயில்ல தேடுறது சரியா வேலை செய்யுதா?”

“சரியாத்தான் செய்யுது மேடம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் அமைத்தபடியேதான் அது வேலை செய்தது. தாண்டிப் போன கடிதங்களின் விவரத்தில் அன்னலட்சுமியின் பெயரை இரண்டு முறை பார்த்திருந்தார். சொல்லிவிடலாமா என்று தவித்தார். கொடுத்த வாக்கு வாயைக் கட்டியது.

‘முன்பு எந்தப் புகாரும் வரவில்லை’ என்று விசாலாட்சி அறிக்கை எழுதினார். அன்னலட்சுமியின் வேலை போயிற்று. பக்கத்து ஆலைகளில் வேலை கேட்டுப் போனால், அவள் போய்ச் சேரும் முன்பே பொய்ப் புகார்க்காரி என்ற பேச்சு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கணக்கு முடிக்க வந்த அன்று, ஆலை வாசலில் அவள் ஜெபசிங்கை நிறுத்தினாள்.

“சார், நான் எழுதுனது போய்ச் சேந்துச்சா, இல்லையா? அத மட்டுமாவது சொல்லுங்க.”

“என்னால சொல்ல முடியாதும்மா” என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள். கோமளவல்லி பெண்களைக் காக்கத்தான் அந்தக் கடிதங்களை மறைக்கச் சொன்னார். விசாலாட்சி தேடியும் பார்த்தார், கேட்டும் பார்த்தார். ஜெபசிங் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இந்த மூவரில் அன்னலட்சுமியைக் கைவிட்டது யார்? வாக்கும் தவறாமல் அவளையும் காக்க ஏதாவது வழி இருந்ததா?

விடை: இருந்தது. “பூட்டுன கடிதத்தை நம்ம தேடல் பாக்காது மேடம், சாவியப் போட்டு நீங்களே தெறந்து பாருங்க” என்ற ஒரே வாக்கியம் போதும். யார் எழுதினார் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. வாக்குக்கும் பங்கம் இல்லை. பூட்டிய கடிதங்களைத் தேடல் பார்க்காது என்று கோமளவல்லி தனக்குப் பின் வருபவருக்கு எழுதி வைக்காமல் போனது குறைதான். விசாலாட்சி பெட்டியைப் புரட்டாமல் விட்டதும் குறைதான். ஆனால் இயந்திரம் ‘இல்லை’ என்றது ‘நான் பார்க்கவில்லை’ என்ற பொருளில்தான் என்பது அன்றைக்கு ஆலையில் இருந்தவர்களில் ஜெபசிங் ஒருவருக்கே தெரியும். வாசலில் கேட்டவளோ, யாருக்காக அந்த வாக்குக் கொடுக்கப்பட்டதோ அவளேதான். அவள் எழுதியதை அவளிடமே மறைத்து யாரைக் காத்தார்? கைவிட்டவர் ஜெபசிங்தான். ஆலையில் இன்றைக்கும் அவரைச் சொன்ன சொல் தவறாதவர் என்கிறார்கள், அன்னலட்சுமியைப் பொய் சொன்னவள் என்கிறார்கள்.