சம்மதச் செயலியும் நாலாவது கரண்டியும்

கோயம்புத்தூரில் சுகவனம் என்றொரு முதலாளி செயலி ஒன்றை உருவாக்கினார். படுக்கப்போகும் முன் ஆணும் பெண்ணும் போனில் விரல் வைத்தால் போதும், விடியும்வரை சம்மதம் செல்லும்.

"அப்புறம் எந்தப் பொண்ணும் பேச்சு மாற முடியாது" என்று வெளியீட்டு விருந்தில், இலைமுன் உட்கார்ந்து பெருமையடித்தார். பாயச வாளியோடு நின்ற அஞ்சுகம் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன இளிப்பு? இதுல ஓட்டை இருந்தா காட்டு. இல்லீன்னா இனிப் பரிமாற வராதே."

"ஆகட்டுங்க. பாயசத்துக்குச் சம்மதம்னு ஒருக்கா விரல் வைங்க."

சபை பார்க்கப் போனில் விரல் வைத்தார். அவள் ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். மூன்றாவது கரண்டி இலையைத் தாண்டி வேட்டியைத் தேடி ஓடியது. சுகவனம் இரு கையாலும் இலையை மறைத்தார்.

"போதும்மா."

"கையை எடுங்க. விடியும்வரை செல்லும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

நாலாவது கரண்டி அவர் விரல்களுக்கு மேல் ஆவி பறக்க நின்றது.

"இலையை மறைச்சா நிறுத்தோணும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க. உங்க போனுக்குத்தான் தெரியலீங்க."

சிரிப்பு பெண்கள் வரிசையில்தான் முதலில் கிளம்பியது. அஞ்சுகம் அடுத்த இலைக்கு நகர்ந்து, குனிந்து கேட்டாள்: "ஊத்தட்டுங்களா?"