புலிக்கண்ணில் கடுகு

“ஒரு ஃபினிஷும் யோக்கியமில்ல டீச்சர்,” என்றான் கதிர்காமன்.

எஸ்தர் கனி டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“மூணுமா?”

“மூணும்தான்.”

மேஜைமேல் மூன்று பெட்டிகள். அரைக் கிலோ அல்வா கொள்ளும் அளவு. டேப் ஒட்டி மூடிய மூன்றுக்குள்ளும் ஒரே விளையாட்டு. மூன்று மூடியிலும் ஒரே புலிக்கண். கண்மணி இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாய் ஒரு பள்ளம். மேலே போட்ட மினுக்கு மட்டும்தான் வேறு வேறு.

சிவகாசியில் பெட்டிக்கு எந்த மினுக்குப் போடுவதென்று தடுமாறுகிறவர்கள் கடைசியில் எஸ்தர் கனியிடம் வந்து நிற்பார்கள். பாலிடெக்னிக்கில் அச்சுத்தொழில் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டார், டீச்சர் என்ற பெயர் அவரை விடவில்லை. கதிர்காமன் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவன். ஆனாலும் வாரம் தவறாமல் வந்து மாணவன் மாதிரி உட்கார்ந்துவிடுவான்.

“தங்க ஃபாயிலுக்கு என்ன குறை?”

“என்னைப் பாரு, என்னைப் பாருன்னு கத்துது. இப்படிக் கத்துறவன் எதையோ மறைக்கிறான்.”

“ஸ்பாட் யூவி?”

“நேராப் பாத்தா ஒண்ணுமில்ல. வெளிச்சத்துல சாய்ச்சாத்தான் கண்ணு மட்டும் பளபளங்குது. இது பதுங்குற ரகம்.”

“கறுப்பு வெல்வெட்?”

“தொட்டா பூனைக்குட்டி மாதிரி இருக்கு. ஆனா தொட்ட கையை அப்படியே காட்டிக்குடுத்துடும். காட்டிக்குடுக்கிறவனைக் கடையில எப்படி வைக்கிறது?”

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார்.

“உள்ள என்ன ஆட்டம்?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. யோசித்தே சொன்னான்.

சூடு கண்டவன் அவன். மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த முதல் விளையாட்டு, அவன் பெட்டி கடைக்குப் போகுமுன்பே வேறொருத்தன் பெட்டியில் கடைக்குப் போய்விட்டது. அச்சகத்தில் காயப்போட்டிருந்த அட்டையை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லாரும்தான்.

அச்சகத்து மாடசாமி. அட்டை வெட்டுகிறவர். டீக்கடையில் எட்டிப் பார்த்தவர். சொந்த மச்சினன்.

ஜோசியரிடம் போனான். எதிரி கூடவே இருக்கிறான், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான் என்றார் அவர். வெள்ளியில் கோமேதகம் கட்டி நடுவிரலில் போட்டுக்கொள்ளச் சொன்னார். மோதிரம் கொஞ்சம் தொளதொளத்தது. கல் எப்போதும் உள்ளங்கைப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவன் அதை மேலே திருப்புவான். அது மறுபடி கீழே போகும்.

இது இரண்டாவது விளையாட்டு. இதுவும் களவு போனால் இந்தத் தொழிலுக்கே தலைமுழுகிவிடுவது என்று முடிவுகட்டியிருந்தான்.

“உள்ள இருக்கிறது தெரியாம மேல என்ன போடணும்னு எப்படிச் சொல்ல?” என்றார் டீச்சர். “மாப்பிள்ளையைக் காட்டாமலே பட்டுச்சட்டைக்கு அளவு கேக்கிறீங்க.”

“அளவை மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் சிரித்தார். சுவரில் இருந்த பலகைத் தட்டைக் காட்டினார்.

“மூணையும் அங்க வைங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் தொடமாட்டேன். நீங்களும் தொடக்கூடாது.”

“எதுக்கு?”

“அதுங்க பேசட்டும்.”

பெட்டி பேசுமா?

பேசாது. ஆனால் பெட்டியை இங்கே விட்டுப் போகச் சொல்கிறாரே, அது ஏன்?

டீச்சர் தம்ளரைக் கழுவப் போன நேரத்தில் கதிர்காமன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். ஒவ்வொரு புலிக்கண்ணின் பள்ளத்திலும் ஒரு கடுகை வைத்தான். யாராவது பெட்டியைச் சாய்த்தால் கடுகு உருண்டுவிடும்.

வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான்.

*

மறுநாள் குடையை மறந்துவிட்டேன் என்று வந்தான். குடை அவன் கக்கத்திலேயே இருந்தது.

அடுத்த நாள் இந்தப் பக்கம் ஒரு சாவு வீடு என்று வந்தான். யார் வீடு என்று டீச்சர் கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள் காரணமே சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவையும் டீச்சர் ஏதாவது வேலையாகப் பின்கட்டுக்குப் போவார். ஃபாயில் அடிக்கிற மெஷின் அங்கே டப்டப்பென்று அடித்துக்கொண்டிருக்கும். அவன் எழுந்து தட்டின் அருகே போவான். கடுகு இருக்கிறதா என்று பார்ப்பான்.

இருக்கும்.

இருந்தாலும் மனசு கேட்காது.

வியாழக்கிழமை தெருமுனையிலேயே நின்றுவிட்டான். டீச்சர் வீட்டு வாசலில் ஒரு பொம்மைக் கம்பெனி ஆள். டீச்சரோடு கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கதிர்காமன் கோமேதகத்தை மேலே திருப்பினான். அது கீழே போயிற்று.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சகத்தில் தாளை மெஷினில் ஏற்றவேண்டும். எந்த ஃபினிஷ் என்று அதற்குள் சொல்லியாகவேண்டும். காலையில் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே தட்டுக்குப் போனான்.

கறுப்புப் பெட்டியை ஜன்னல் பக்கமாக நின்று பார்த்தான்.

மூடியெல்லாம் விரல் தடம். வெல்வெட்டின் ஓரத்தில் பளபளவென்று ஏழெட்டுக் கீறல்.

“டீச்சர்.”

“வந்துட்டீங்களா? உக்காருங்க.”

“யாருக்குக் காட்டினீங்க?”

டீச்சர் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“எதை?”

“தொடமாட்டேன்னு சொன்னீங்க. பெட்டி பூரா கை பட்டிருக்கு. இங்க பாருங்க, எவ்வளவு கீறல்!”

“கடுகு இருக்குதா?”

கதிர்காமனுக்கு முகம் கறுத்தது. கடுகு அவருக்குத் தெரியும்.

“இருக்கு,” என்றான்.

“பிறகென்ன?”

“கடுகு விழாம தூக்கத் தெரிஞ்சவங்க தூக்கியிருக்காங்க. இல்லேன்னா எடுத்துட்டுத் திரும்ப வச்சிருக்காங்க.”

“சரிதான்,” என்றார் டீச்சர். “அப்படித்தான் இருக்கும்.”

“நேத்து அந்தப் பொம்மைக் கம்பெனிக்காரன் எதுக்கு வந்தான்?”

“தங்கச்சிக்குக் கல்யாணம். பத்திரிகைக்கு மேட்டா கிளாஸான்னு கேட்டாரு.”

“அதுக்கா சிரிச்சீங்க?”

“மாப்பிள்ளை வழுக்கை. பளபளக்கிற கிளாஸ் வேண்டாம்னேன்.”

வேறொரு நாளாக இருந்தால் அவனும் சிரித்திருப்பான். இப்போது அந்தச் சிரிப்பும் அவனுக்கு ஒரு சாட்சியாகப் பட்டது. எவ்வளவு லாகவமாகப் பதில் வருகிறது! முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்.

“உங்களையாவது நம்பலாம்னு இருந்தேன் டீச்சர். இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு.”

“அப்படியா?” என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. “சரி, புறப்படுங்க. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருங்க.”

அவன் விருட்டென்று கையை நீட்டினான். எப்போதும்போல் கறுப்புப் பெட்டியை மேலிருந்து கவ்வித் தூக்கினான்.

“அப்படியே நில்லுங்க,” என்றார் டீச்சர்.

நின்றான்.

“கையை எடுக்காம குனிஞ்சு பாருங்க.”

பார்த்தான்.

கோமேதகம் வழக்கம்போல் கீழ்ப்பக்கம் திரும்பியிருந்தது. கல்லைப் பிடித்திருந்த வெள்ளி, பெட்டியின் ஓரத்தில் ஒரு கீறலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அச்சில் போட்டமாதிரி.

அதன் பக்கத்தில் முந்தாநாள் கீறல். அதற்குப் பக்கத்தில் அதற்கும் முந்தின நாளையது.

பெருவிரலின் கீழே ஒரு பெருவிரல் தடம் இருந்தது. அளவு மாறவில்லை.

கடுகு உருண்டு எங்கேயோ போயிற்று.

பெட்டியைக் கீழே வைத்தான். ஸ்பாட் யூவி பெட்டியைத் தூக்கினான். வெள்ளி, கீறலில் போய் உட்கார்ந்தது.

தங்கப் பெட்டியை அவன் தூக்கவில்லை.

பின்கட்டில் மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது.

“ஒவ்வொரு தடவையும் கடுகை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு... பெட்டியைத் திருப்பி டேப் பிரிஞ்சிருக்கான்னு பாத்துட்டு...” மோதிரத்தைப் பார்த்தான். “ஒரு தடவைதான் பாத்தோம்னு நினைப்பு டீச்சர். ஒவ்வொரு தடவையும்.”

டீச்சர் அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பேருக்கு டீ போட்டார்.

கதிர்காமன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தான். உட்கார்ந்தான். கறுப்புப் பெட்டியை மடியில் வைத்து, டேப்பை நகத்தால் கீறிப் பிரித்தான். மூடியைத் திறந்து டீச்சர் பக்கம் தள்ளினான்.

மடித்த பலகை ஒன்று. ஒரு கை மரக்காய்கள்.

“ஆடுபுலி ஆட்டமா?” என்றார் டீச்சர்.

“அதேதான். ஆனா எல்லாக் காயும் மேல ஆடு. ஒண்ணுக்கு மட்டும் அடியில புலி. அது யார் கையில இருக்குன்னு மத்தவங்களுக்குத் தெரியாது.”

டீச்சர் ஒரு காயை எடுத்துத் திருப்பினார். அடியிலும் ஆடு. பலகையில் வைத்தார்.

“புலி எப்படி வெட்டும்?”

“பழைய மாதிரிதான். ஆட்டுக்குப் பின்னாடி காலியா இருந்தா தாவிடும். பின்னாடி இன்னொரு காய் நின்னா தாவ முடியாது.”

“அப்ப ஆடு எப்படிப் பிழைக்கும்?”

அவனே செய்த ஆட்டம். விதியெல்லாம் அவனே எழுதியவை. உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

“பக்கத்துல நிக்கிறது யாருன்னு தெரியாமலே,” என்றான், “அதுக்குப் பின்னாடி போய் நிக்கணும்.”

சொல்லிவிட்டுப் பலகையில் இருந்த ஆட்டையே பார்த்தான்.

டீச்சர் டீயை அவன் பக்கம் நகர்த்தினார்.

போன் அடித்தது. அச்சகத்திலிருந்து மாடசாமி.

“சார், தாள் ஏத்தியாச்சு. என்ன ஃபினிஷ்னு சொல்லிட்டீங்கன்னா லேமினேஷனுக்கு ஆள் சொல்லிடுவேன்.”

“கறுப்பு வெல்வெட்.”

“சார்...” மாடசாமி இழுத்தார். “அதுல தொட்ட கை அப்படியே தெரியுமே சார். நீங்கதான வேண்டவே வேண்டாம்னு நின்னீங்க?”

டீச்சர் பெட்டி மூடியை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். புலிக்கண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய பெருவிரல் முதல் தடவையாகப் பதிந்தது.

கதிர்காமன் அதைப் பார்த்தான்.

“தெரியட்டும்,” என்றான்.