பாசிக்குச் சோறு போட்டவர்கள்

"டாக்டரம்மா, இந்தப் பாசியைக் கொல்றதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பல் டாக்டர் இசைச்செல்வி கையுறையைக் கழற்றினார். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் வெளியே போயிருந்தார்.

"பல்லுலீங்களா?"

"தொட்டியிலீங்க!"

கோயம்புத்தூரில், வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிற கிறுக்கர்கள் கொஞ்சம் பேர் உண்டு. கடல் இருக்கிற ஊர்க்காரனுக்கு இந்தக் கிறுக்கு வராது. இவர்களுக்கெல்லாம் இசைச்செல்விதான் குரு. தொட்டிச் சாமியாரம்மா என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். வயது நாற்பதுகூட இருக்காது. பேச்சு மட்டும் ரொம்பக் கம்மி. வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களோடு பொழுது போகிற தொழிலில் பேச்சு எங்கிருந்து வளரும்?

கேட்டவர் வெள்ளிங்கிரி. நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லையே ஓட்டிய மனிதரை ஒரு பாசி ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது.

தொட்டி அவர் மகள் தாரணியுடையது. கல்யாணமாகிப் பெங்களூர் போகும்போது அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். கட்டைவிரல் அளவில் வாங்கிவந்து அவள் வளர்த்த பவளம் இப்போது உள்ளங்கை அகலம். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வரப்போகிறாள். வந்ததும் முதலில் தொட்டிக்குத்தான் ஓடுவாள். ஓடினால் என்ன தெரியும்? தலைமுடி மாதிரி பச்சைப் பச்சையாகப் பாசி தெரியும். அதற்கடியில் பவளம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தது.

"என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சேன். தண்ணி மாத்துனேன். நத்தை வாங்கி விட்டேன், அது பாசியைத் தின்னு தின்னு செத்தே போச்சு. விளக்கை அணைச்சு வெச்சேன். மருந்து ஊத்துனேன். இன்னிக்குத் தேய்ச்சா நாளான்னிக்கு அப்படியே நிக்குது. என்னையப் பாத்துச் சிரிக்குதுங்க!"

"பாசி எதைத் தின்னுது?"

"அதுக்கு யாருங்க சோறு போடறா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

வெள்ளிங்கிரிக்குச் சுருக்கென்றது.

"மீன் தீனி மிச்சமாகி அழுகுனா அதுதான் பாசிக்கு உரம்னு எல்லாம் படிச்சுட்டேனுங்க. நான் அளந்துதான் போடறேன். பொழுதோட, விளக்கு வெக்கற நேரத்துல ஒரு தரம், ஒரே ஒரு சிட்டிகை. சத்தியமா!"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்."

வந்தார். தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா நிற்க முடியாமல் வெள்ளிங்கிரி மொட்டை மாடிக்கு ஏறினார். தொட்டிக்கு மாற்றுவதற்காக அங்கே கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீரில், டாக்டர் பார்க்கட்டும் என்று ஒரு பாட்டில் பிடித்து வந்தார். டாக்டர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். சரி, காப்பியாவது கொடுப்போம் என்று சமையலறைக்குப் போய்த் தானே கலந்து எடுத்துவந்து நீட்டினார்.

டாக்டர் பக்கத்து மேசையைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே பாதி குடித்த காப்பி டம்ளர் ஒன்று இருந்தது.

"நீங்க மாடிக்குப் போனப்ப உங்க வீட்டம்மா குடுத்தாங்க."

"அப்படீங்களா? எனக்குத் தெரியாதுங்களே."

"அம்மாகிட்டக் கேக்கலீங்களா?"

வெள்ளிங்கிரி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"நாங்க பேசிக்கறதில்லீங்க."

"எப்ப இருந்து?"

"கல்யாணத்துல இருந்து."

"உங்க கல்யாணத்துல இருந்தா?"

"ஐயோ, மக கல்யாணத்துல இருந்துங்க!"

அது ஒரு கூத்து. மணமேடையில் தாய்மாமனைக் கூப்பிட்டு மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும். அவசரத்தில் வெள்ளிங்கிரி மறந்துபோனார். பொள்ளாச்சி மச்சான் பந்தியில் உட்கார்ந்தவர், யாரோ அதைச் சொல்லிக் காட்ட, இலையை மடக்காமல்கூட எழுந்து போய்விட்டார். போய் அண்ணனைக் கூட்டிவாருங்கள் என்று மனைவி கனகமணி அழுதார். வந்தால் வரட்டும், நான் காலில் விழ வேண்டுமா என்றார் இவர். அவ்வளவுதான். அன்றிலிருந்து, சோறு எடுத்து வைத்தாயிற்று என்று கனகமணி சுவரிடம் சொல்வார். வர நேரமாகும் என்று வெள்ளிங்கிரி செய்தித்தாளிடம் சொல்வார். சுவரும் செய்தித்தாளும் நல்லபடியாகக் குடும்பம் நடத்திவந்தன.

டாக்டர் முதல் காப்பியைக் குடித்து முடித்தார். இரண்டாவதையும் வாங்கிக் குடித்தார்.

பிறகு தொட்டி மேலிருந்த தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"டப்பாவை அம்மாகிட்டக் குடுத்துட்டேன்."

"அவளுக்கு மீனுன்னாலே ஆகாதுங்க! பட்டினி போட்டே கொன்னுருவா!"

"அப்ப அவங்ககிட்டக் கேட்டு வாங்கிப் போடுங்க."

"கேக்கறதா? அது மட்டும் ஆகாதுங்க."

"அப்பப் பாசி ஆகுமுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

சாயங்காலம் ஆயிற்று. வெள்ளை வரி போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்களும் கண்ணாடியருகே வந்து, அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலமும் வந்தன. வாயில்லா ஜீவன்கள். என் வீம்புக்கு இதுகள் சாக வேண்டுமா என்று வெள்ளிங்கிரி நினைத்தார். எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். கனகமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மீனுக்குத் தீனி போட்டாச்சா?" என்று சுவரைக் கேட்டார்.

சுவர் ஒன்றும் சொல்லவில்லை. கனகமணியும் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

"கனகு, மீனுக்குத் தீனி போட்டியா?"

கீரை ஆய்ந்த கை நின்றது.

"வெடியாலயே போட்டுட்டேன்."

"நேத்து?"

"நேத்தும் போட்டேன். தினமுந்தான் போடறேன். எம்புள்ள வளத்த மீனு. அவ போன நாளா நீங்க ஆரு கூடவும் மூஞ்சி குடுக்கறதில்லை, போடுவீங்களோ மாட்டீங்களோன்னு நானே ஒரு டப்பா வாங்கி வெச்சுக்கிட்டேன்."

பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.

"எவ்வளவு போடுவ?"

"ஒரு கரண்டி. வயிறு நெறையோணுமல்ல?"

வெள்ளிங்கிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் போட்டேன் கனகு."

"தினமுமா?"

"ஒரு நாள் விடாம."

கனகமணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"மீனுக்கு ரெண்டு பேரு சோறு போட்டிருக்கோம். எங்கண்ணன்தான் நம்ம பந்தியில இருந்து பசியோட எந்திரிச்சுப் போனாரு."

  வெள்ளிங்கிரி எழுந்து சட்டையை மாட்டினார். கார் சாவியை எடுத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பொள்ளாச்சிக்கு. நீ உலையை வை."