சாமிக் கயிறும் ஊர்க் கயிறும்

ராஜாக்கள் யானைமேல் போன காலம். கப்பல்கள் காற்றைக் கேட்டுப் புறப்பட்ட காலம். அந்தக் காலத்தில் தென்கடற்கரையில் பவளந்துறை என்றொரு ஊர் இருந்தது. ஊர் ஜனங்கள் கிறிஸ்து வேதத்தில் இருந்தார்கள், மீன் பிடித்துப் பிழைத்தார்கள். பக்தியில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கேளுங்கள், அந்தப் பக்திதான் ஒருமுறை அவர்களைப் பட்டினி போடப் பார்த்தது.

அங்கே தொழில் கரைமடி வலை. ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே சுற்றி வந்து, மறு கயிற்றைச் சற்றுத் தள்ளிக் கரைசேர்க்கும். இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் ஒரே சீராக இழுத்தால் வலை நடுவிலுள்ள பையான மடியில் மீன் நிற்கும். ஒரு பக்கம் பிந்தினால் அந்தப் பக்கமாக ஓடிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

கோயில் பக்கம் வரும் கயிற்றுக்குச் சாமிக் கயிறு என்று பெயர். குடிசைகள் பக்கம் வருவது ஊர்க் கயிறு. யாரோ வாய்க்கு வந்தபடி வைத்த பெயர்கள்தான். ஆனால் ஒரு பெயர் கிடைத்தால் போதாதா, நம் ஆட்கள் அதற்கொரு புண்ணியமும் சேர்த்துவிடுவார்கள். சாமிக் கயிற்றைப் பிடித்தால் மோட்சத்துக்குப் பாதி வழி போனமாதிரி என்று அவர்களுக்கு எண்ணம்.

ஊர்த்தலைவர் பெயர் கஸ்பார். சாமிக் கயிற்றில் முதல் ஆளாக நிற்பது அவர் குடும்பத்து உரிமை. ஊர்க் கயிற்றில் முதல் ஆள் அவருடைய அடுத்த வீட்டுக்காரன் இன்னாசி. கஸ்பார் காயப்போட்ட கருவாட்டை இன்னாசியின் கோழிகள் கொத்திவிட்டன. சண்டைக்குக் காரணம் அவ்வளவுதான். கஸ்பார் நேரே கோயிலுக்குப் போனார், சிலுவைக் குருசைத் தொட்டார், "இன்னாசி தொடுற கயித்தை எங் கை தொடாது, ஆண்டவரே" என்று ஆணையிட்டார். கோழிச் சண்டைக்குக் குருசை சாட்சிக்கு இழுத்த மனுஷனை என்னவென்று சொல்வது?

அந்த வருஷம் கடல் கைவிட்டது. பல வீடுகளில் உலை ஏறவில்லை. இன்னாசியின் மனைவி தெக்கிலம்மாளுக்குக் கைக்குழந்தை. அவளுக்குப் பால் வற்றிப்போய், பிள்ளை அழவும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தது.

ஒருநாள் காலையில் சாளை மீன் கூட்டம் வந்தது. வலை போட்டார்கள். நேர்ச்சை நேர்ந்தவர்களெல்லாம் சாமிக் கயிற்றுக்கு ஓடினார்கள். அந்தப் பக்கம் சரசரவென்று வந்தது, ஊர்க் கயிறு பிந்தியது. மீன் போயிற்று.

"நமக்குப் பக்தி பத்தாது" என்றார் கஸ்பார்.

மறுநாள் இன்னும் பலர் சாமிக் கயிற்றுக்கு மாறினார்கள். வலை இன்னும் கோணியது. மீன் போயிற்று.

"பக்தி இன்னும் பத்தாது" என்றார் கஸ்பார்.

மூன்றாம் நாள் காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. இதை விட்டால் அந்த வருஷத்துக்கு மீன் கிடையாது. அன்றைக்கு ஊரே சாமிக் கயிற்றில் தொங்கியது. கோயில் சாமியாரும் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அதில்தான் நின்றார். ஊர்க் கயிற்றில் இன்னாசி ஒருவன். ஆள் இல்லையே என்று அவன் மனைவியும் வந்து பின்னால் பிடித்தாள்.

வலை நிறைய மீன். பாரம் அந்த இருவரையும் கடலுக்குள் இழுத்தது. இன்னாசி இடுப்புத் தண்ணீருக்குப் போனான், பிறகு மார்புத் தண்ணீருக்குப் போனான். கை கிழிந்து கயிறு சிவந்தது. அவன் விடவில்லை.

"தலைவரே, ஒரு கை வாங்க. எம்பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணிக்கும் வழியில்ல" என்றாள் தெக்கிலம்மாள்.

கஸ்பார் கோயில் உச்சியிலிருந்த குருசைப் பார்த்தார். ஆணை நினைவுக்கு வந்தது. கூடவே, சிறு வயது முதல் அவர் தினமும் சொல்லும் செபமும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்வேசுரனை நேசிப்பது ஒன்று, தன்னைப்போலப் பிறரை நேசிப்பது மற்றொன்று. முதல் கற்பனையை, அந்த முதல் கட்டளையை, ஊர் கேட்கச் சத்தமாகச் சொல்வார். இரண்டாவது வரும்போது அவருக்கு இருமல் வந்துவிடும். அன்றைக்கு இருமல் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

சாமிக் கயிற்றை விட்டார். ஊர் பார்த்திருக்க மணலில் ஓடினார், அலைக்குள் இறங்கினார், இன்னாசியின் கைக்கு அடுத்து அந்தக் கயிற்றைப் பிடித்தார்.

இன்னாசி திரும்பாமலே, "ஆரு?" என்றான்.

"நாந்தாம்வே. இழும்."

தலைவரே போன பிறகு மற்றவர்களுக்கு என்ன? பாதிக் கூட்டம் பின்னாலேயே ஓடிவந்தது. வலை நிமிர்ந்தது. இரண்டு கயிறும் சீராக வந்தன, மடி கரையேறியது. மணல் தெரியாதபடி சாளை கொட்டிக் கிடந்தது. அன்று எல்லா வீட்டிலும் அடுப்புப் புகைந்தது. தெக்கிலம்மாளும் வயிறாரச் சாப்பிட்டாள், பிள்ளை பாலுக்கு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவள் சிரித்தாள்.

கஸ்பார் மட்டும் தயங்கித் தயங்கிச் சாமியாரிடம் போனார்.

"சாமி, குருசைத் தொட்டுப் போட்ட ஆணையை மீறிட்டேன். எனக்கு என்ன தண்டனை?"

"நானும் அந்தப் பக்கம்தானே நின்னேன். தண்டனைன்னா முதல்ல எனக்குத்தான்" என்றார் சாமியார். "அயலானை வெறுக்கிறேன்னு ஒருத்தன் ஆணையிட்டா, அதை ஆண்டவர் காதுல வாங்கவே மாட்டாரு. வாரும் கஸ்பாரே, ரெண்டு பேருமா இன்னாசி வீட்டுல போய்ச் சாப்பாடு கேட்போம்."

இருவரும் போனார்கள். இன்னாசி கட்டுப்போட்ட கையோடு வாசலுக்கு வந்து பாய் விரித்தான். அன்றிலிருந்து பவளந்துறையில் வலை வரும்போது, சாமிக் கயிறு எது என்று யாரும் தேடவில்லை. ஆள் குறைந்த கயிறு எதுவோ, அதற்குத்தான் முதலில் ஓடினார்கள்.

ஆகையால், கேட்டவர்களே, அயலானைக் கைவிட்டவன் ஆண்டவரை நேசித்தவனாக மாட்டான்.